சென்னையில் டிராக் பந்தயம்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தின் வேலியோரம் நிற்பவர்களும், புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடி அலைபவர்களும், மகன் பைக் வாங்கிய நாள் முதல் தூக்கம் கெட்ட பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மற்ற ரசிகர்கள் மாறுபடும் இடங்களில் அவர்கள் தரப்பையும் சொல்லியிருக்கிறேன். இந்த விளையாட்டை நேசிப்பவன் எழுதுவது இது. நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

டிராக் பந்தயம் என்றால் என்ன?

நேரான பாதையில், நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, குறித்த தூரத்தை யார் முதலில் கடக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி. மரபான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் நின்று நேருக்கு நேர் மோதுவதே இதன் அசல் வடிவம். ஒவ்வொருவரின் நேரத்தையும் தனித்தனியே அளந்து வரிசைப்படுத்தும் போட்டிகளும் உண்டு.

புறப்படும் கோட்டில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கும். உலகம் முழுவதும் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைக்கிறார்கள். 1963 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறது. முன்சக்கரம் தரையையொட்டிய ஒளிக்கற்றையைத் தொட்டவுடன், வண்டி சரியான இடத்தில் நிற்கிறது என்று மேலே உள்ள சிறு விளக்குகள் காட்டும். பிறகு மஞ்சள், உடனே பச்சை. பச்சைக்கு முன் நகர்ந்தால் சிவப்பு எரியும். அந்த ஓட்டம் அங்கேயே தோல்வி.

நேராகப் போவதில் என்ன திறமை இருக்கிறது? வளைவே இல்லையே?

எங்களை அதிகம் புண்படுத்தும் கேள்வி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வளைவுகள் உள்ள தடத்தில் ஒரு சுற்றில் செய்த பிழையை அடுத்த சுற்றில் ஈடுகட்டலாம். இங்கே அடுத்த சுற்று கிடையாது. பத்துப் பன்னிரண்டு நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அதிலும் முதல் 20 மீட்டரில் இழந்ததை மீதி 380 மீட்டரில் மீட்பது மிகக் கடினம்.

புறப்படும் கணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் இடத்திலேயே சுழலும். அல்லது முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். மெதுவாக விட்டால் பக்கத்துத் தடத்துக்காரர் போய்விடுவார். சரியான இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அகலத்தில் இருக்கிறது. அந்த இடமும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். காலையில் தார் குளிர்ந்திருக்கும்போது பிடித்த அளவு பிற்பகலில் உதவாது. முன்னால் ஓடிய வண்டி எண்ணெய் சிந்தியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். டயரைச் சூடேற்ற எவ்வளவு நேரம் சுழற்றுவது, காற்றழுத்தம் எவ்வளவு வைப்பது, உடலை எவ்வளவு முன்னே சாய்ப்பது, எந்த வேகத்தில் கியர் மாற்றுவது என்று எல்லாவற்றையும் ஓட்டுபவர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஓடும்போது யோசிக்க நேரம் இல்லை.

எதிர்வினை நேரம் தனிக் கதை. விளக்கு எரிந்ததிலிருந்து வண்டி கோட்டைவிட்டு நகரும்வரை ஆகும் நேரம் அது. ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம் வண்டி நகர்ந்த பிறகுதான் தொடங்கும். ஒருவர் 12.10 நொடியில் ஓடுகிறார், ஆனால் புறப்பட 0.40 நொடி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் 12.25 நொடியில் ஓடுகிறார், 0.15 நொடியில் புறப்பட்டுவிடுகிறார். முதலாமவருக்கு மொத்தம் 12.50, இரண்டாமவருக்கு 12.40. மெதுவான வண்டி வென்றுவிட்டது. இறுதிக் கோட்டை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் அந்தப் பத்தில் ஒரு நொடி என்பது 4 மீட்டர் இடைவெளி. இதைக் கண்ணால் பார்த்த பிறகும் ‘இதில் என்ன திறமை’ என்று கேட்டவரை நான் சந்தித்ததில்லை.

சென்னைக்கு இந்த விளையாட்டில் வரலாறு உண்டா?

இந்திய மோட்டார் பந்தயத்தின் வரலாறே பெருமளவு சென்னையின் வரலாறுதான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. செங்குன்றம் தாண்டி, சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. நாடெங்கிலுமிருந்து காரும் பைக்கும் வந்து இறங்கும் இடமாக அது இருந்தது. இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டிய ரசிகர்களிடம் சோழவரம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென்று தடம் அமைத்தது. 1990 முதல் அங்கே போட்டிகள் நடக்கின்றன. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்ற பெயரில் அறியப்பட்ட அந்தத் தடம் இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் ஆகியிருக்கிறது.

மூத்த ரசிகர்களின் ஏக்கம் ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும். விமான ஓடுதளம் என்பது டிராக் பந்தயத்துக்கென்றே பிறந்தது போன்ற இடம்: அகலம், நீளம், நேர், முடிவில் வேகத்தைக் குறைக்கத் தாராளமான தூரம். இங்கிலாந்தின் சான்டா பாட் தடமும் பழைய போர்க்கால விமானத்தளத்தில்தான் 1966-இல் தொடங்கியது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தது. அது நிரந்தர டிராக் தடமாக வளரவில்லை என்பது அவர்களுக்கு ஆறாத வருத்தம். எனக்கும்தான்.

இப்போது முறைப்படி எங்கே நடக்கிறது?

இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அங்கீகாரத்தோடு மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் சாம்பியன்ஷிப் நடக்கிறது. அதன் சுற்றுகளை இருங்காட்டுக்கோட்டையின் நேர்ப்பாதையில் நடத்தியிருக்கிறார்கள். பெங்களூருவைச் சேர்ந்த ஹேமந்த் முத்தப்பா இந்தப் போட்டியில் பல தேசியப் பட்டங்களை வென்றவர். சுசூகி ஹயபுசா என்ற சூப்பர் பைக்கில் அவர் புறப்படுவதைப் பார்ப்பதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் ஆம்பி வேலி ஓடுதளத்திலும் கார், பைக் இரண்டுக்கும் டிராக் நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன.

அப்படியானால் ரசிகர்களின் குறை என்ன?

சாம்பியன்ஷிப் இருக்கிறது, பயிற்சிக்கு இடம் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் டிராக் தடங்களில் பொதுமக்களுக்கான ஓட்ட நாட்கள் உண்டு. உங்கள் சொந்த வண்டியை எடுத்துப் போகலாம், கட்டணம் கட்டலாம், வண்டியைச் சோதிப்பார்கள், ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வரிசையில் நின்று ஓட்டலாம். முடிவில் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். அதில் எதிர்வினை நேரம், முதல் 60 அடிக்கான நேரம், மொத்த நேரம், கடைசி வேகம் எல்லாம் அச்சாகியிருக்கும். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. அந்தச் சீட்டுதான் ஒருவனைப் பந்தய வீரன் ஆக்குகிறது. ஏனென்றால் அடுத்த வாரம் அதைவிடக் குறைந்த எண்ணோடு திரும்ப வேண்டும் என்று அவன் தவிப்பான்.

சென்னையில் அந்தத் தவிப்புக்குப் போக்கிடம் இல்லை. தேசியச் சுற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரே வார இறுதியில் சில ஓட்டங்கள் ஓடி, அதில் கற்றதை மறப்பதற்குள் அடுத்த சுற்று வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கையில் பணமும் குழுவும் உள்ளவர்கள் தனியாகத் தடத்தை வாடகைக்கு எடுத்துப் பயில்வார்கள். வியாசர்பாடியிலோ ஆவடியிலோ சிறிய பட்டறை வைத்து, இரவில் தனக்கென்று ஒரு வண்டி கட்டும் மெக்கானிக் என்ன செய்வார்? அவர் கட்டிய இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்று அறிய அவருக்குச் சட்டப்படி ஒரு நேர்ப்பாதை கிடையாது.

நான் கேட்பது பெரிய மைதானம் அல்ல. 402 மீட்டர் ஓட்டம், அதைவிட நீளமான வேகம் குறைக்கும் பகுதி, திரும்பி வர ஒரு பக்கச் சாலை, இரண்டு பக்கமும் தடுப்பு, நேரம் காட்டும் கருவி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு இருந்தால் ஐந்தே ஆண்டுகளில் தேசியப் பட்டியலில் சென்னைப் பெயர்கள் நிறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சாலையில் இரவில் ஓட்டுகிறார்களே, அதுவும் டிராக் பந்தயம்தானே?

இல்லை. அது குற்றம்.

கடற்கரைச் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் மதுரவாயல் புறவழிச்சாலையிலும் உயிர்கள் போயிருக்கின்றன. போனவர்களில் பலர் பந்தயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். சாலையைக் கடந்தவர்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். புத்தாண்டு இரவில் காவல்துறை மேம்பாலங்களை மூடுவது இதற்காகத்தான். அந்த மூடலைக் குறைசொல்ல எந்த ரசிகருக்கும் உரிமை இல்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை சிக்கினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரசிகர்களில் ஒரு சாரார், ‘தடம் இல்லாததால்தான் சாலைக்குப் போகிறார்கள்’ என்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. தடம் வந்தால் சிலர் நிச்சயமாகச் சாலையை விடுவார்கள். ஆனால் பார்வையாளர்கள் முன்னால் வீரம் காட்டவும் பந்தயம் கட்டிய பணத்துக்காகவும் ஓட்டுகிறவர்கள் தடம் வந்தாலும் வரமாட்டார்கள். தடத்தில் ஹெல்மெட் போட வேண்டும், வண்டியைச் சோதனைக்கு விட வேண்டும், தோற்றால் ஓட்ட நேரம் எல்லோருக்கும் தெரியும். எனவே தடம் கேட்கும்போது இந்த வாதத்தை முதலில் வைக்காதீர்கள். விளையாட்டு என்ற தகுதியின் பேரில் கேளுங்கள்.

என் மகனுக்குப் பதினாறு வயது. வேகத்தின் மீது பைத்தியமாக இருக்கிறான். என்ன செய்வது?

முதலில், உரிமம் இல்லாமல் சாலையில் வண்டியைக் கொடுக்காதீர்கள் அம்மா. சிறார் ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

அடுத்து, அவனைத் திட்டாதீர்கள். ஒரு பந்தய நாளில் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போங்கள். போட்டியாளர்கள் தோலாடை அணிவதையும், ஹெல்மெட்டைப் பரிசோதிக்கக் கொடுப்பதையும், ஓட்டத்துக்கு முன் அமைதியாக உட்கார்ந்திருப்பதையும் அவன் பார்க்கட்டும். பந்தயப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோரின் ஒப்புதலோடு இளைஞர்களைச் சேர்க்கும் பிரிவுகளும் உண்டு. உண்மையான வேகத்தைக் கிட்டத்தில் பார்த்த பிள்ளைகள் சாலையில் அடங்கி ஓட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சூப்பர் பைக் வந்த பிறகு ஏழைகளுக்கு இந்த விளையாட்டில் இடம் இல்லை என்கிறார்களே?

வேலியோரத்தில் மிகச் சூடாக நடக்கும் விவாதம் இது. ஒரு பக்கம், ஆயிரம் சி.சி.க்கு மேற்பட்ட பிரிவைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது, விளம்பரதாரர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்ற வாதம். மறுபக்கம், நம் ஊர் டிராக் பந்தயத்தின் உயிர் டூ ஸ்ட்ரோக் பிரிவில்தான் இருக்கிறது என்ற வாதம்.

நான் இரண்டாவது பக்கம். யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற டூ ஸ்ட்ரோக் பைக் இந்தியாவில் 1985-இல் வந்தது, 1996-இல் உற்பத்தி நின்றது. 98 சி.சி., 11 குதிரைத்திறன். அந்தச் சிறிய இன்ஜினிலிருந்து நம் மெக்கானிக்குகள் எடுத்த சக்தியைப் பார்த்தால் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்களே வியப்பார்கள். போர்ட்டுகளை அரத்தால் ராவி உயரத்தையும் அகலத்தையும் மாற்றுவது, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவுவது, சைலன்சரின் வயிற்றுப் பகுதியைக் கணக்குப் போட்டு வெட்டி ஒட்டுவது, ரீடு வால்வை மாற்றுவது, எல்லாம் கையால் நடக்கும் வேலை. பல பட்டறைகளில் இதற்கு அளவுப் புத்தகம் கிடையாது. குருவிடமிருந்து சீடனுக்கு வந்த அறிவு. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இன்றும் நல்ல பழைய கிராங்க் எங்கே கிடைக்கும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

சூப்பர் பைக்கில் பாதி வேலையை மின்னணுக் கருவி செய்துவிடுகிறது. முன்சக்கரம் தூக்காமல் அது பார்த்துக்கொள்கிறது, பின்சக்கரம் வழுக்காமல் அது பார்த்துக்கொள்கிறது. ஓட்டுபவரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருநூறு குதிரைத்திறனை நேர்க்கோட்டில் பிடித்து வைக்க நெஞ்சுரம் வேண்டும். ஆனாலும் வண்டியை வாங்கியவருக்கும் கட்டியவருக்கும் இடையில் எனக்குக் கட்டியவர்மீதுதான் மதிப்பு அதிகம்.

இருவரையும் ஒரே தடத்தில் நியாயமாக மோதவிட ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் பிராக்கெட் பந்தயம் என்று பல பத்தாண்டுகளாக நடத்துகிறார்கள். ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் 17 நொடி, மற்றவர் 11 நொடி என்று எழுதினால், மெதுவான வண்டிக்கு 6 நொடி முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். ஏமாற்றி அதிக நேரம் எழுதியவர், எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோற்றுவிடுவார். கடைசியில் வெல்வது சீராக ஓட்டுகிறவரும் விழிப்பாகப் புறப்படுகிறவரும். அப்பாவின் பழைய வண்டியோடு வந்த கல்லூரி மாணவன் ஹயபுசாவை முறைப்படி வீழ்த்தலாம். இங்கே இதை ஏன் ஒரு தனிப் பிரிவாக நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

பெங்களூருவில் நன்றாக ஓடிய வண்டி சென்னையில் ஏன் தடுமாறுகிறது?

காற்று. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே அளந்து பொருத்திய கார்புரேட்டர் ஜெட்டோடு (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) இங்கே வந்தால், உள்ளே வரும் காற்று அதிகம், பெட்ரோல் போதாது. பெரிய ஜெட் போட வேண்டும். போடாமல் முழு வேகத்தில் இழுத்தால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அதற்காகச் சென்னைக்காரர்கள் மகிழ்ந்துவிட முடியாது. நம் வெப்பமும் ஈரப்பதமும் அந்த லாபத்தில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சூடான காற்று விரிந்துவிடும். நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கும். டிசம்பர், ஜனவரி காலை நேரங்கள்தான் இங்கே நல்ல எண்கள் வரும் காலம். மே மாத மதியத்தில் தேசியச் சுற்று வைப்பவர்கள் வண்டிக்கும் மனிதர்க்கும் தீங்கு செய்கிறார்கள்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிகளைக் கெடுக்குமா?

கவனிக்காவிட்டால் கெடுக்கும். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டோடு இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும். மேலும் அது பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊறவைத்துப் பாழாக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் டாங்கில் பெட்ரோலை விட்டுவைப்பது ஆபத்து. ரப்பர் பாகங்களைப் புதிதாக மாற்றுங்கள், ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள், ஓட்டம் முடிந்ததும் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள்.

அதே எத்தனாலுக்கு ஆக்டேன் மதிப்பு (அழுத்தத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன்) அதிகம் என்பதால், அதிக அழுத்தத்தில் கட்டிய இன்ஜின்களுக்கு நன்மையும் உண்டு. வெறுப்பதைவிடப் பழகிக்கொள்வதே மேல்.

மின்சார பைக்குகள் வந்தால் விளையாட்டு செத்துவிடுமா?

சாகாது. நின்ற இடத்திலேயே முழு இழுவிசையைத் தரும் மோட்டாருக்குப் புறப்படும் கோடுதான் பிறந்த வீடு. சத்தம் இல்லாமல் என்ன பந்தயம் என்று ஆர்எக்ஸ் ரசிகர்கள் கோபப்படுகிறார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். தனிப் பிரிவாக வரட்டும். குடியிருப்புகளுக்குக் கிட்டத்திலும் தடம் அமைக்க அது வழி திறக்கும்.

அமெரிக்காவில் எல்லாம் செழிப்பாக இருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் இந்த நிலை?

அங்கே செழிப்பும் இருக்கிறது, புலம்பலும் இருக்கிறது. தேசிய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. 1951-இல் தொடங்கியது. அதன் உச்சப் பிரிவான டாப் ஃப்யூயல் வண்டிகள் நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளில் ஓடுகின்றன. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைத்திறன், மணிக்கு 530 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம்.

ஆனால் அங்குள்ள ரசிகர்களுக்கும் ஆறாத மனக்குறைகள் உண்டு. 2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் தடத்தில் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்தார். அதன்பின் உச்சப் பிரிவுகளின் தூரத்தைக் கால் மைலிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, சரியான முடிவு. இருந்தும் கால் மைலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய வருத்தம், தடங்கள் மூடப்படுவது. அதே இங்கிலிஷ்டவுன் 2018-இல் டிராக் பந்தயத்தை நிறுத்தியது. அட்லாண்டா தடம் 2021-இல் மூடியது. ஹூஸ்டனிலும், டென்வர் அருகே பேண்டிமியரிலும் 2023-தான் கடைசி. நகரம் விரிந்து வந்து தடத்தைத் தொடும்போது நிலத்தின் விலை ஏறுகிறது, சத்தத்தைப் பற்றிய புகார் கூடுகிறது. இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றித் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் எழுந்துவிட்டதைப் பார்க்கிறவர்கள் இந்தச் செய்திகளைக் கவலையோடு படிக்க வேண்டும். இருக்கும் தடத்தைக் காப்பதும் ரசிகர்களின் வேலைதான்.

தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடத்திய அரசு டிராக் பந்தயத்துக்கு ஏன் உதவக் கூடாது?

உதவ முடியும் என்பதற்கு அந்தப் பந்தயமே சான்று. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் தள்ளிப்போன போட்டி அது. பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று கேட்டவர்கள் உண்டு, கேட்கத்தான் வேண்டும். டிராக் ரசிகர்களிலும் கருத்து ஒன்றாக இல்லை. சிலர் பெருமைப்பட்டார்கள், சிலர் ‘அதில் ஒரு சிறு பங்கு கிடைத்தால் நமக்கு நிரந்தரத் தடமே வந்துவிடுமே’ என்று ஆதங்கப்பட்டார்கள்.

என் பார்வை இது: 189-ஆம் பிரிவு பந்தயத்தை அடியோடு தடை செய்யவில்லை. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்றுதான் சொல்கிறது. சாலையை மூடவும், தடுப்புகள் வைக்கவும், காவல்துறையும் மருத்துவக் குழுவும் சேர்ந்து பணியாற்றவும் இந்த நகரத்தால் முடியும் என்று அந்த இரண்டு நாட்கள் காட்டிவிட்டன. வாகன உற்பத்திக்குப் பெயர்பெற்ற ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளில் நீளமான, நேரான உட்சாலைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அப்படி ஒன்றைத் தடுப்பு அமைத்து, கூட்டமைப்பின் மேற்பார்வையில், மாதம் ஒரு காலை மட்டும் திறந்துவிடக் கேட்கலாம். தனி ஆளாகக் கேட்டால் நடக்காது. மன்றங்கள் சேர்ந்து, பாதுகாப்புத் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பெண்கள் இதில் ஓட்டுகிறார்களா?

தாராளமாக. அமெரிக்காவின் ஷர்லி முல்டௌனி டாப் ஃப்யூயல் பட்டத்தை 1977, 1980, 1982 என்று மூன்று முறை ஆண்களை எதிர்த்தே வென்றவர். எடை குறைந்த ஓட்டுநருக்கு இந்த விளையாட்டில் சாதகம் அதிகம். விளக்கைப் பார்த்துப் புறப்படுவதில் ஆண், பெண் வேறுபாடு எதுவும் இல்லை. சென்னையிலிருந்து இன்னும் நிறையப் பெண்கள் வர வேண்டும். கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் ஒழுங்காக இருந்தாலே பாதித் தயக்கம் போய்விடும் என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டும்.

போட்டியில் கலந்துகொள்ள என்ன வேண்டும்?

கூட்டமைப்பின் போட்டி உரிமம், முகம் முழுவதும் மூடும் தரமான ஹெல்மெட், தோலாடை, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முதுகுக் காப்பு. உங்கள் வண்டியின் சாதாரணக் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பொருந்தாது. பாலிசியிலேயே அப்படி எழுதியிருக்கும். பந்தயத்துக்காக மாற்றி அமைத்த வண்டியைச் சாலையில் ஓட்டிச் செல்லாதீர்கள். சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதே முறை.

முதல் முறை பார்க்க வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

போட்டி தேதியைக் கிளப்பிடம் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். தேதி மாறுவது உண்டு. பூந்தமல்லி வழியாகக் காஞ்சிபுரம் பக்கம் போகும் பஸ் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்துதான் போகும். தொப்பி, நிறைய தண்ணீர், காதுக்குப் பஞ்சு அவசியம். குழந்தைகள் வந்தால் காதுகளை நன்றாக மூடும் கருவியே வாங்கிவிடுங்கள்.

இறுதிக் கோட்டின் அருகே இடம் பிடிக்க எல்லோரும் முண்டுவார்கள். நீங்கள் புறப்படும் கோட்டின் பக்கம், அனுமதித்த எல்லைக்குள், விளக்குக் கம்பம் தெரியும்படி நில்லுங்கள். முதல் சில ஓட்டங்களில் வண்டியைப் பார்க்காமல் ஓட்டுபவரின் கிளட்ச் பிடிக்கும் இடது கையை மட்டும் பாருங்கள். பெரிய வண்டிகளின் ஓட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் டூ ஸ்ட்ரோக் பிரிவு வரை இருங்கள். இடைவேளையில் பார்வையாளர்களை உள்ளே விட்டால், பட்டறைக்காரர்கள் நிற்கும் பகுதிக்குப் போய் வணக்கம் சொல்லி, ‘அண்ணே, இந்தச் சைலன்சர் நீங்களே செய்ததா?’ என்று கேளுங்கள். அடுத்த ஓட்டத்துக்குக் கூப்பிடும்வரை அவர் பேசிக்கொண்டே இருப்பார்.